அம்மாளு ஏன் அந்தச் சந்துக்குள் போனாள்?

‘இக்கதையில் வரும் தாயின் பாத்திரப் படைப்பை விளக்குக.’ தேர்வில் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை தானாக எழுதும்: அன்பானவள், பொறுமைசாலி, தியாகி. மதிப்பெண்ணும் விழுந்துவிடும். கதையின் பெயரை மறைத்துவிட்டு அந்தப் பதிலை மட்டும் படித்துப் பாருங்கள். தமிழில் எழுதப்பட்ட முக்கால்வாசித் தாய்களுக்கும் அது பொருந்தும். எல்லாருக்கும் தைத்த சட்டை எவருடையதும் இல்லை.

இந்தப் பதிவு நூலகத்தில் கூடிக் கதை வாசிக்கிறவர்களுக்கும், பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கல்லூரி விழாவிலும் தெருமுனையிலும் நாடகம் போடுகிற பிள்ளைகளுக்கும். இரண்டு கூட்டத்துக்கும் வேலை ஒன்றுதான்: இந்த ஆள் ஏன் இப்படிச் செய்தார்? வாசகர் தப்பாகக் கணித்தால் அவரோடு போயிற்று. நடிகர் தப்பாகக் கணித்தால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

நான் சொல்லப்போவது இதுதான். குணத்தைத் தேடாதீர்கள், தேவையைத் தேடுங்கள். இந்த நிமிடத்தில், எதிரே நிற்கிற ஆளிடமிருந்து, இவருக்கு என்ன வேண்டும்? அதற்கு எதை விலையாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் கதையிலிருந்தே பதில் எடுக்க முடிந்தால், குணம் என்பது கடைசியில் தானாக வந்து நிற்கும்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை எடுத்துக்கொள்வோம். 1934இல் வந்தது, அச்சில் சில பக்கங்கள்தான். அம்மாளு மில் கூலி; வயது இருபது, இருபத்திரண்டு. புருஷன் முருகேசனுக்குச் சொந்த ஜட்கா வண்டி. ஒருநாள் குடித்துவிட்டு ரேஸ் விட்டதில் வண்டி அடிபடுகிறது, அவனுக்கு ஊமையடி. வீட்டில் கொண்டுவந்து போட்டபின் பேச்சு வந்ததும் பால் கஞ்சி கேட்கிறான். அம்மாளு தண்ணீர் எடுக்கப் போகிறாள். சந்துப் பக்கம் அவள்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவன். இருவரும் இருட்டில் மறைகிறார்கள். முக்கால் ரூபாய்.

ஏன் போனாள் என்று கேட்டால் உடனே வரும் பதில் ‘வறுமை’. அது பதில் ஆகாது. அந்தக் குழாயடியில் நிற்கிற எல்லாருக்கும் வறுமைதான். எல்லாரும் அன்றைக்கு அந்தச் சந்துக்குள் போகவில்லை. வறுமை என்பது நிலைமை. ஒரு நிலைமை ஆளைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு செயலில் விடுவதற்கு நடுவே இன்னும் சில கண்ணிகள் வேண்டும். புதுமைப்பித்தன் அவற்றைப் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போகிறார். கேலி மாதிரி இருப்பதால் நாம் சிரித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம்.

குடும்பத்தில் நபர் ஐந்து என்று கணக்குச் சொல்கிறார். அம்மாளு, முருகேசன், அவன் தாயார், தம்பி; ஐந்தாவது ஆள் குதிரை. சம்பாதிப்பது இருவர் மட்டும். விபத்தில் வண்டியின் ஏர்க்கால் ஒடிகிறது, குதிரைக்குப் பலத்த காயம். அதாவது இரண்டு வரும்படியில் ஒன்று அன்றே நின்றுபோயிற்று. சாப்பிடுகிற வாயில் ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மாளுக்குக் கூலி போட இன்னும் இரண்டு நாள். மில் இருந்த வட்டாரங்களில் வளர்ந்தவர்களுக்குக் கூலி நாளுக்கு முந்தைய இரண்டு நாள் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேல், அவன் கேட்டது இன்றைக்கு.

இப்போது ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். கூலி நாளை காலையில் என்றால் அம்மாளு போயிருப்பாளா? அவன் வெறும் கஞ்சி கேட்டிருந்தால்? குதிரை நன்றாக இருந்து, முருகேசனின் தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தால்? அந்த மனிதன் அன்றுதான் முதல்முதலாகக் கண்ணில் பட்டான் என்றால்? எதை எடுத்தால் செயல் நடக்காமல் போகுமோ, அது நோக்கத்தின் பகுதி. எடுத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் அது பின்னணி அலங்காரம். எந்தக் கதைக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம். நல்ல கதையில் எடுத்துவிடக்கூடிய வரிகள் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும்.

சரி, அவன் கேட்டதற்கு ‘இல்லை’ என்று ஏன் அவள் சொல்லவில்லை? இங்கேதான் வாசகர்கள் சொந்தமாகக் கதை கட்ட ஆரம்பிக்கிறார்கள். ஆழ்ந்த காதல் என்பார் ஒருவர், அடிப்பான் என்ற பயம் என்பார் இன்னொருவர், மாமியார் கண் என்பார் மூன்றாமவர். ஆதாரத்தைத் தேடுங்கள். வீங்கின இடத்தில் எதையோ அரைத்துப் பூசியது அம்மாளு. கதையில் அது இருக்கிறது. ஆகவே அக்கறைக்கு ஒரு செயல் சாட்சி. பயத்துக்கு ஒரு வரிகூட இல்லை. மாமியார் தலைக்கணக்கில் வருகிறாள், அவ்வளவுதான். ‘அக்கறை, வேறு வழியில்லாத அவசரம்’ வரைக்கும் துணிந்து சொல்லலாம். அதற்கப்பால் ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டார். சந்துக்குள் போகும்போது அவள் மனதில் என்ன ஓடியது என்று கதைசொல்லி உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது வாசகனின் வேலை என்று சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பக் கூடாது.

இதே கதையில் இன்னொரு சறுக்கல். முடிவில் கற்பைப் பற்றிக் கதைக்கிறவர்களைப் பார்த்து ஒரு கோபம் வெடிக்கிறது. அது கதைசொல்லியின் கோபம். அதைத் தூக்கி அம்மாளுவின் தலையில் வைத்து, ‘சமூகத்தின் ஒழுக்கத்தை எதிர்த்த புரட்சிப் பெண்’ என்று எழுதுகிறார்கள். அவள் எதையும் எதிர்க்கவில்லை. பால் வாங்கக் காசு தேடினாள். ஆசிரியர் என்ன நினைக்கிறார், பாத்திரம் என்ன நினைக்கிறது என்ற இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுவது நல்லது. ஒரே தாளில் எழுதினால் கட்டாயம் கலந்துபோகும்.

சிறுகதையில் கதைசொல்லி என்ற ஒருவர் கூடவே நடந்துவந்து எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். நாடகத்தில் அவரும் கிடையாது. பாத்திரங்களின் வாய்தான் எல்லாம், வாய் பொய் சொல்லும். வேண்டுமென்று சொல்லும் பொய்யைவிட, தனக்கே தெரியாமல் சொல்லிக்கொள்ளும் பொய்தான் அதிகம். நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் இரண்டாம் அங்கத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. நோக்கத்தைப் படிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

டோர்வால்டுக்கு வங்கி மேலாளர் பதவி கிடைத்திருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் க்ரோக்ஸ்டாடை நீக்கப் போகிறான். வேண்டாம் என்று மனைவி நோரா கெஞ்சுகிறாள். கெஞ்ச அவளுக்கு ஒரு ரகசியக் காரணம் உண்டு. கணவனின் உயிரைக் காப்பாற்ற அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு அந்த க்ரோக்ஸ்டாடிடம்தான் கடன் வாங்கியிருக்கிறாள். டோர்வால்ட் சொல்லும் காரணங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்று கவனியுங்கள். க்ரோக்ஸ்டாட் மோசடி செய்தவன், ஒழுக்கம் கெட்டவன் என்பது அவன் ஏற்கெனவே சொன்னது. இப்போது, மனைவி சொன்னாள் என்பதற்காகப் புது மேலாளர் முடிவை மாற்றிக்கொண்டார் என்று ஊழியர்கள் சிரிப்பார்களே என்கிறான். பிறகு, ஒழுக்கக் குறையைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், வேலையும் நன்றாகத்தான் செய்கிறானாம் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். உண்மை அதற்குப் பிறகுதான் வருகிறது: இளவயதுப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அந்த ஆள் நாலு பேர் எதிரில் ‘நீ, வா, போ’ என்று தன்னிடம் பேசுகிறான். அது பொறுக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நல்ல கிண்டல் என்று விட்டுவிடலாம். நோரா, இதெல்லாம் அற்பமான விஷயம் என்கிறாள். ‘அற்பமா? என்னை அற்பன் என்கிறாயா?’ உடனே வேலைக்காரியைக் கூப்பிட்டு, வேலைநீக்கக் கடிதத்தை அந்த நிமிடமே அனுப்பிவிடுகிறான். முடிவு எடுத்தது எப்போதோ. கடிதத்தைக் கையைவிட்டுப் போகவைத்தது அந்த ஒரு சொல். அவன் சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்த காரணம் இன்னொன்று, விசையை இழுத்தது மூன்றாவது. நாடகம் படிக்கும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வருகிறது என்றால் நீங்கள் இன்னும் முதலாவதைத் தாண்டவில்லை.

‘நீ’ என்றதற்கு ஒருவன் வேலையைப் பிடுங்குவானா என்று நார்வேக்காரனைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் பாதிச் சண்டை ‘வாடா’வில்தான் தொடங்குகிறது. இந்த இடத்தில் வடசென்னைப் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இன்னா நைனா’ என்று பேசவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டால் பாத்திரம் தயார் என்று நினைத்து எழுதப்படும் நாடகங்கள் ஏராளம். பேச்சுவழக்கு பாத்திரம் ஆகாது. வழக்கு எங்கே மாறுகிறது என்பதில்தான் பாத்திரம் இருக்கிறது. புளியந்தோப்புப் பையன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது, “இல்ல சார், வேலை முடிச்சிட்டு வந்துட்டிருந்தேன் சார்” என்பான். வெளியே வந்ததும், “இன்னா கேட்டான் தெர்மா அவன்?” என்பான். ‘சார்’ எந்த வாக்கியத்தில் உதிர்ந்தது என்று பாருங்கள்; பயம் அங்கே முடிந்தது. தினமும் “யோவ், துன்ன வா” என்று கூப்பிடும் மனைவி ஒருநாள் “நீங்க சாப்பிடுங்க” என்றால் மரியாதை கூடிவிட்டது என்றா அர்த்தம்? அன்றைக்கு வீட்டில் ஏழரை. இயக்குநர்கள் தயவுசெய்து இந்த இடங்களை ஒத்திகையில் ‘சரிசெய்து’ எல்லா வரியையும் ஒரே வழக்குக்குக் கொண்டுவராதீர்கள்.

வசனத்தில் சொல்லாததை எப்படிப் படிப்பது? பயிற்சிக்காக எழுதிய ஐந்து வரி இது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா, வேலை தேடும் மகன். ராத்திரிச் சாப்பாடு. (ஐசிஎஃப் என்பது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை.)

“துன்னியா?”
“ம்.”
“ராசாத்தி புள்ள ஐசிஎஃப்ல சேர்ந்துக்கிறானாம்.”
“அதுக்கு இன்னான்ற இப்ப?”
“நான் இன்னா சொல்லப்போறேன். கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்க.”

‘அம்மா பாசக்காரி, மகன் முன்கோபி’ என்று எழுதினால் நடிகருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அம்மா பாசமாகச் சிரிப்பார், பையன் முறைப்பான், முடிந்தது. வினைச்சொல்லால் எழுதிப் பாருங்கள். முதல் வரியில் அம்மா ஆழம் பார்க்கிறாள். மகன் பேச்சை வெட்டுகிறான். மூன்றாவதில் அவன் வாயைக் கிளறுகிறாள். நான்காவதில் மகன், ‘திட்டணும்னா நேராத் திட்டு’ என்று சண்டைக்கு இழுக்கிறான். நேராகத் திட்டிவிட்டால் எழுந்து போய்விட அவனுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். கடைசி வரியில் அவள் அந்தச் சாக்கைக் கொடுக்க மறுக்கிறாள். கொழம்பு அவனை உட்கார வைக்கும் கயிறு. ஐந்து வரியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏதோ செய்துகொண்டே இருக்கிறார்கள். மேடையில் பார்க்கச் சுவாரசியமானது அதுதான்.

இதே ஐந்து வரிக்கு முன்னால் ஒரே ஒரு தகவலை மாற்றுங்கள். முந்தின காட்சியில் அம்மாவின் கம்மலை அடகுவைத்த சீட்டு மகனின் சட்டைப் பையில் இருப்பதை அம்மா பார்த்துவிட்டாள் என்று வையுங்கள். மகனுக்கு அது தெரியாது. இப்போது ‘துன்னியா?’ விசாரணை ஆகிவிடுகிறது. ராசாத்தி பிள்ளை என்ற பேச்சு அவன் தானாக ஒப்புக்கொள்ளக் கொடுக்கும் வாய்ப்பு. கொழம்பு ஊற்றுவது கைவிட்ட முயற்சி. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதனால்தான் வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் சூழலைப் பட்டியல் போட வேண்டும்: எப்போது, எங்கே, சற்றுமுன் என்ன நடந்தது, யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது. கடைசி இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

வினைச்சொல் சரியா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். அது எதிரில் இருப்பவரை நோக்கிச் செய்வதா? பலித்ததா இல்லையா என்று கண்ணால் தெரியுமா? எதிராளி அதைத் தடுக்க முடியுமா? ‘சோகமாக இருப்பது’ மூன்றிலும் தோற்கும். ‘அவனைக் குற்ற உணர்ச்சியில் மாட்டவைப்பது’ மூன்றிலும் தேறும். இதற்குத் தமிழில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை: மழுப்புவது, தட்டிக்கழிப்பது, நூல் விட்டுப் பார்ப்பது, உசுப்பிவிடுவது, காக்கா பிடிப்பது, பழியை அடுத்தவன் தலையில் கட்டுவது. பத்து நிமிடக் காட்சியை தேவை மாறும் இடங்களில் வெட்டினால் பொதுவாக ஐந்திலிருந்து எட்டுத் துண்டு வரும். இருபது வந்தால் வரிக்கு வரி வெட்டியிருக்கிறீர்கள், நடிகர் திணறிப்போவார். ஒன்றுதான் வந்தது என்றால் காட்சியில் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது நீங்கள் பார்க்கவில்லை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்குச் சொன்ன முறையின் சுருக்கம் இது. வாசகருக்கும் அப்படியே உதவும்.

காரணத்தை வகைப்படுத்த வெளியூர் போகவும் வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாட்டை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு இடத்திலிருந்து பிறக்கும் என்கிறது. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து: இழிவுபடுத்தப்படுவது, இழந்துபோவது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. ஒரு பாத்திரம் அழும்போது இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். வேலை போனவனின் அழுகை வறுமையா, சரிவா? மேடையில் இரண்டும் வேறு வேறு அழுகை. முதலாமவன் கையைப் பிடித்துக் கேட்பான், இரண்டாமவன் முகத்தை மறைப்பான். அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்) என்று நான்கு. ‘தம் இறை’ என்ற இடத்தில் இன்றைக்கு வீட்டு ஓனரையும் கடன் வசூலிக்க வருகிறவரையும் உட்காரவைத்தால் கனகச்சிதமாகப் பொருந்தும்.

பாத்திரம் மேடையில் தனியாக நின்று தனக்குத்தானே பேசும் தனிமொழியை நம்பலாமா? பாதி நம்பலாம். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்து வில்லன் இயாகோ தன் வெறுப்புக்குக் காரணங்களை அடுக்குகிறான். தான் எதிர்பார்த்த பதவியைத் தளபதி ஒத்தெல்லோ காசியோவுக்குக் கொடுத்துவிட்டான், தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்று பேச்சு, காசியோ மேலும் அதே சந்தேகம். காரணம் கூடக்கூட ஒவ்வொன்றின் எடையும் குறைகிறது. கடைசியில் கேட்கும்போது இனி வாயே திறக்கமாட்டேன் என்றுவிடுகிறான். ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜ் இதை நோக்கமற்ற தீமை என்றார். விமர்சகருக்கு அது போதும். நடிகரால் ‘நோக்கமற்ற’ எதையும் நடிக்க முடியாது. அவர் காட்சிக்குக் காட்சி இயாகோவுக்கு எதிராளியிடம் என்ன வேண்டும் என்று மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தெருக்கூத்தில் கதையே வேறு. திரைக்குப் பின்னால் நின்று பாட்டிலேயே தான் யார் என்று சொல்லிவிட்டு வருகிறான் துரியோதனன். மிச்சத்தைக் கூத்தின் விதூஷகனான கட்டியங்காரன் கேட்டு வாங்கிவிடுவான். அங்கே மறைந்த நோக்கத்தைத் தோண்டாதீர்கள். வெளிப்படையான வேட்கை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் கூத்தின் சுவை.

பாத்திரங்களும் ஒருவரையொருவர் தப்பாகப் படிக்கும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடும் கானல்வரி முழுக்க அந்தத் தப்புதான். கோவலன் பாடியதைக் கேட்டு அவனுக்கு வேறு நினைப்பு என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள். தனக்கும் வேறு நினைப்பு இருப்பதுபோல் பதிலுக்குப் பாடுகிறாள். அதை அவன் உண்மை என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறான். ‘கோவலன் ஏன் பிரிந்தான்?’ என்ற கேள்விக்கு ‘மாதவி இப்படி’ என்று எழுதினால் கோவலன் செய்த தவறையே நீங்களும் செய்கிறீர்கள். ஒருவரைப் பற்றி இன்னொரு பாத்திரம் சொல்வது, சொல்கிறவரைப் பற்றிய சாட்சி. அதை முதலில் அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

கடைசியாக, ஒத்திகையில் அதிகம் நடக்கிற ஒன்று: முடிவு தெரிந்து நடிப்பது. நோரா கடைசியில் வீட்டைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்ததால் முதல் அங்கத்திலிருந்தே அவளைப் புழுங்கவிடுகிறார்கள். முதல் அங்கத்து நோரா கணவனுக்குத் தெரியாமல் மக்ரூன் இனிப்பைத் தின்றுவிட்டு, தின்னவில்லை என்று சாதிக்கிறவள். அவளுக்கு அவனுடைய பாராட்டும் பண்டிகைச் செலவுக்குக் காசும் வேண்டும். பின்னால் ஓர் அற்புதத்துக்குக் காத்திருக்கிறாள்: ரகசியம் வெடித்தால் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளக் கணவன் முன்வருவான் என்று. ரகசியத்தைப் போட்டுடைத்து க்ரோக்ஸ்டாட் எழுதிய கடிதத்தைப் படித்த கணவன் தன் மானத்தைப் பற்றி மட்டும் கத்துகிறான். வெளியே போகும் முடிவு அங்கேதான் பிறக்கிறது. முதல் இரண்டு அங்கத்தில் நடிகை அந்தக் காத்திருப்பை நிஜமாகக் காத்திருக்கவில்லை என்றால், மூன்றாவதில் போவதற்குக் காரணமே இருக்காது. ஒத்திகையின் முதல் வாரத்தில் கடைசி அங்கத்தைத் தொடாமல் வைப்பது இதற்கு எளிய மருந்து. குழு சின்னதாக இருந்தால், ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்கு அந்தக் காட்சி தொடங்கும்போது தெரிந்த விஷயங்களை மட்டும் அரைப் பக்கம் எழுதிவரட்டும். பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் படித்து, பின்னால் வரப்போவது ஏதாவது உள்ளே நுழைந்திருந்தால் அடித்துவிட வேண்டும். முதல் தடவை பாதிக்குமேல் அடிபடும், பரவாயில்லை.